வெள்ளத்துக்கு ஆமியைக் கூப்பிட்ட கதை

கிராம அலுவலராக அந்தப் பிரிவில் இருந்த காலம் முழுவதும் என் கைப்பையில் இரண்டு கொப்பிகள் இருந்தன. ஒன்று அலுவலகத்துக்கு உரியது. குடும்ப விபரம், வாக்காளர் இடாப்பு, நிவாரணப் பட்டியல் என்று யார் கேட்டாலும் எடுத்துக் காட்டக்கூடியவை அதில் இருந்தன. மற்றது நானே கடையில் வாங்கிய சீ.ஆர். கொப்பி. சுற்றுக்கட்டு இல்லாத கிணறு எந்த வளவில், சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர் எந்த வீட்டில், நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெரியவர் யார் என்பதெல்லாம் அதில்தான். ஆமியோடு சேர்ந்து வெள்ளத்தில் இறங்கிய நாட்களில் எனக்குக் கைகொடுத்தது இந்த இரண்டாவது கொப்பி. (இராணுவம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆமிதான்.)

பிரிவு யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழுக்கையாற்றை ஒட்டியது. ஆறு என்பது பெயருக்குத்தான். மழைக்காலத்தில் மட்டும் ஓடி, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கமாக வந்து அராலியில் கடல்நீரேரிக்குள் விழும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையை நம்பித்தான் கிணறுகள் இருக்கின்றன. வெள்ளமும் இங்கே பாய்ந்து வருவது குறைவு, ஊறி ஏறும். படுக்கும்போது படலையடியில் நின்ற தண்ணீர் விடியும்போது கட்டிலுக்குக் கீழே செருப்பை மிதக்கவிட்டிருக்கும். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று இருந்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு எல்லாரும் ஒன்றாகத் தொலைபேசி எடுப்பார்கள்.

2008 நவம்பர் கடைசியில் நிஷா புயலின் மழை கொட்டியபோது நான் வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான். யுத்த காலம். குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2006 ஆகஸ்டில் மூடியது மூடியபடி கிடந்தது. இரவில் ஊரடங்கு. கிழக்குப் பக்கத்தில் பதினைந்து குடும்பங்களை வெளியே எடுக்க வேண்டும். நானும் சனசமூக நிலையத் தலைவரும் ஒரு கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டி, லாந்தரைப் பிடித்துக்கொண்டு, ஆமியின் காவலரண்வரை சத்தமாகப் பேசியபடியே நடந்தோம். சத்தமாகப் பேசுவது முக்கியம். பதுங்கி வருகிறார்கள் என்று எவராவது நினைத்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. என்ன பேசினோம் என்பது நினைவில்லை. தேங்காய் விலை என்று நினைக்கிறேன்.

அவர்கள் உதவி செய்யாமல் இல்லை. லொறி தந்தார்கள், பிள்ளைகளைத் தூக்கி ஏற்றினார்கள். ஆனால் எங்கே போவது, யார் முதலில் போவது, யாரைப் பதிவது எல்லாம் அவர்கள் சொன்னபடி. நான் திறந்து வைத்திருந்த பள்ளிக்கூடத்தை விட்டு, முகாமுக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டை எண்ணோடு ஒரு பட்டியல் அவர்கள் எழுதினார்கள், வேறொரு பட்டியல் நான் எழுதினேன். நிவாரணம் வந்தபோது இரண்டும் பொருந்தவில்லை. நான்கு குடும்பம் இரண்டு முறை வாங்கியது, மூன்று குடும்பம் வெறுங்கையோடு நின்றது. அந்த மூன்று குடும்பமும் திட்டியது என்னைத்தான். லொறியை யார் ஓட்டினாலும் பட்டியலை ஒருவர்தான் எழுத வேண்டும், அது சிவில் ஆளாக இருக்க வேண்டும் என்று நான் தெரிந்துகொண்டது அன்றைக்கு.

இத்தனைக்கும் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அப்போதே இருந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த சட்டம். அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மாவட்டத்துக்கு ஒரு பிரிவும் உருவாயின. மாவட்டத்தில் ஒருங்கிணைப்பது மாவட்டச் செயலாளர், பிரதேசத்தில் பிரதேச செயலாளர், அடியில் நாங்கள். சட்டம் 2005இல் வந்தது. எங்கள் ஒழுங்கைக்கு அது வந்து சேர யுத்தம் முடிந்து, இன்னும் சில மழைக்காலம் கழிய வேண்டியிருந்தது.

இடையில் இரண்டு பிரிவுகளுக்கு மாற்றலாகிப் போய், 2019இல் அதே இடத்துக்குத் திரும்பி வந்தேன். அந்தக் காலத்தில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தேன். ஒஸ்லோ வழிகாட்டல்களைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். 1994இல் உருவாகி 2007இல் திருத்தப்பட்டவை. அனர்த்தத்தின்போது வெளிநாட்டுப் படைகளின் உதவியை எப்படிப் பெறுவது என்பதைச் சொல்பவை. சிவில் தரப்பால் முடியாதபோது மட்டுமே படை, அதாவது கடைசி வழி என்பது அவற்றின் சாரம். நல்ல கொள்கை. ஆனால் என் பிரிவில் முகாம் ஒரு கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. தீயணைப்பு வண்டி யாழ்ப்பாண நகரத்திலிருந்து வர வேண்டும். எனக்குக் கடைசி வழிதான் பக்கத்து வீடு.

ஆகவே கூப்பிடுவதா வேண்டாமா என்று யோசித்துக் காலத்தைக் கழிக்காமல், எப்படிக் கூப்பிடுவது என்று பழகினேன். 'வெள்ளம் வந்துவிட்டது, ஆட்களை அனுப்புங்கள்' என்று சொன்னால் முப்பது பேர் வந்து இறங்குவார்கள். வீதியில் நிற்பார்கள். ஊர்ச்சனம் எட்டிப் பார்க்கும். ஒரு மணி நேரத்தில் அவர்களாகவே ஏதாவது செய்யத் தொடங்குவார்கள், அது நமக்கு வேண்டாத வேலையாக இருக்கும். 'பத்துப் பேர், மண்வெட்டி ஆறு, மணல் மூட்டை நூறு, மதகு எண் 3, காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை, அங்கே சனசமூக நிலையத் தலைவர் மஞ்சள் றெயின்கோட்டோடு நிற்பார்' என்று சொன்னால் பத்துப் பேர் வருவார்கள், வேலை நடக்கும், ஒன்பதரைக்குப் போய்விடுவார்கள். முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்புவதும் நம் பொறுப்பு. அதைச் சொல்லாவிட்டால், அவர்கள் மேலிடத்திலிருந்து மறு உத்தரவு வரும்வரை மழையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

முறைப்படி நான் பிரதேச செயலகத்துக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டம் படைத் தலைமைக்கு, தலைமை முகாமுக்கு. அதற்குள் தண்ணீர் அடுப்படியைத் தாண்டிவிடும். நான் முகாமுக்கு முதலில் எடுப்பேன், பத்து நிமிடத்துக்குள் பிரதேச செயலகத்துக்கும் சொல்லி நேரத்தோடு பதிய வைப்பேன். சரியா என்று கேட்டால் சுற்றுநிருபத்தின்படி சரியில்லை. ஆனால் இரண்டாவது அழைப்பைத் தவறவிட்டதே இல்லை. பின்னால் கேள்வி வரும்போது அந்தப் பதிவுதான் நம்மைக் காப்பாற்றும்.

மதகுகளுக்கு எண் போட்டது மொழிக்காக. வெளிமாவட்டத்திலிருந்து வந்த பொடியன்களுக்கு எங்கள் இடப்பெயர்கள் வாயில் நுழையாது, நமக்கும் அவர்கள் சொல்வது விளங்காது. ஒக்டோபரில் மழைக்கு முன் வெள்ளைப் பெயின்ற் வாளியோடு போய் பதினொரு மதகுகளுக்கும் எண் எழுதினோம். அதே எண்களோடு வரைந்த வரைபடத்தில் ஒரு பிரதி முகாமுக்கு. பெயின்ற் காசு என் கையிலிருந்து போனது, இன்னும் வரவில்லை.

எண் போடாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரவிப் புயல் கரையைத் தாண்டியது. அதன் பிறகும் எங்களுக்கு நாட்கணக்கில் மழை. கொரோனாக் காலம் வேறு. தொண்ணூறு சாப்பாட்டுப் பார்சல்களை முகாம் வாகனத்தில் ஏற்றி, 'பள்ளிக்கூடம்' என்று சாரதியிடம் சொன்னேன். அவர் 'ஹரி, ஹரி' என்று தலையாட்டிவிட்டுப் போனார். அரை மணி நேரமாகப் பள்ளிக்கூடத்துக்கு எதுவும் வரவில்லை. சிங்களத்தில் 'பல்லிய' என்றால் தேவாலயம். சாரதி பார்சல் தொண்ணூறையும் அந்தோனியார் கோயில் விறாந்தையில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, யாரையும் காணவில்லையே என்று காத்துக்கொண்டிருந்தார். இரண்டு மொழிக்கும் பொதுவான சொல்லைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

அதே வெள்ளத்தில்தான் றப்பர் படகும் போனது. ஆமியின் படகு பார்க்க நன்றாக இருக்கும், வயலில் நன்றாகவும் ஓடும். ஒழுங்கைக்குள் கொண்டுவந்தபோது தண்ணீருக்குள் கிடந்த பனை மட்டைக் கருக்கு அதன் அடியைக் கிழித்தது. வாள் பல்லைப் போன்ற கருக்கைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்; தெற்கிலிருந்து வந்த சிப்பாய்க்கு எப்படித் தெரியும்? வேலி முட்கம்பியும் அப்படித்தான், தண்ணீருக்குக் கீழே ஒளிந்திருக்கும். அதன் பிறகு ஊர்மனைக்குள் கடற்றொழிலாளரின் பைபர் படகுதான் என்று வைத்துக்கொண்டோம். படகும் ஓட்டியும் ஊருடையது, ஆட்களைத் தூக்கி ஏற்றும் தோள் அவர்களுடையது.

கிணறு அதைவிட மோசம். வெள்ளம் மூடிவிட்டால் வளவும் தண்ணீர், கிணறும் தண்ணீர். 2020இல் முன்னால் நடந்துபோன ஒரு சிப்பாய் கண்முன்னே மறைந்தான். இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தவன் அடுத்த அடியில் இல்லை. பக்கத்தில் நின்றவன் முதுகுப்பையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அவன் வீட்டுக்கு வேறு செய்திதான் போயிருக்கும். மேலே வந்து மூக்கால் தண்ணீர் விட்டுக்கொண்டு, வெட்கத்தில் சிரித்தான். இருபத்தொரு வயது இருக்கும். அந்த வளவுக்கார அம்மா ஓடிப்போய் பிளேன்ரீ ஊற்றி, பனங்கட்டித் துண்டையும் கையில் வைத்தார். அன்றிரவுதான் கொப்பியில் கட்டில்லாத கிணறுகளை எழுதத் தொடங்கினேன். மொத்தம் இருபத்து மூன்று. மழைக்கு முன் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீளக் கம்பு நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுவது என்று வைத்துக்கொண்டோம். ஊர் ஆள் ஒருவர் முன்னால் நடக்காமல் எந்தச் சிப்பாயும் வளவுக்குள் இறங்கக் கூடாது என்பதும் அன்றைய முடிவு.

இனி 2024. நவம்பர் 25ஆம் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்கியது, மழையும் சேர்ந்து தொடங்கியது. 26 காலை பரீட்சை எழுதும் மூன்று பிள்ளைகளை ஆமி லொறியில் ஏற்றி அனுப்பினோம். அனுமதி அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள் ஒருத்தி. மறுநாள் முதல் பரீட்சையை ஒத்திவைத்தார்கள்.

26 இரவுதான் வீதி விவகாரம். எங்கள் பிரிவில் ஒரு வீதியை உயர்த்திப் போட்டிருந்தார்கள். யார் போட்டார்கள் என்பது இங்கே வேண்டாம். மதகு வைக்க வேண்டிய ஓரிடத்தில் வைக்கவில்லை என்பது மட்டும் போதும். வடக்குப் பக்கம் முழங்காலுக்கு மேல் தண்ணீர், தெற்குப் பக்கம் கணுக்கால். இளைஞர்கள் அலவாங்கோடு கூடிவிட்டார்கள், பெக்கோ இயந்திரத்துக்கும் ஆள் அனுப்பிவிட்டார்கள். தெற்குப் பக்கத்தார் அதே வீதியில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கத்திலும் மாமன் மச்சான் உறவுக்காரர்தான். ஆமி வந்தால் வெட்டிவிடும் என்று வடக்குப் பக்கம் நம்பியது. நானும் அப்படித்தான் நினைத்துக் கூப்பிட்டேன்.

லெப்டினன்ட் ஒருவர் இருபது பேரோடு வந்தார். ரோச் வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னிடம் சிங்களத்தில் கேட்டார்:

"வெட்டலாம், மிஸ். யார் கையெழுத்து?"

எனக்குக் கோபம் வந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, இவர் தாள் கேட்கிறார். "இத்தனை காலமும் எதற்குத் தாள் கேட்டீர்கள்?" என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். நின்று யோசித்தபோதுதான் அவர் கேட்டது சரி என்று பட்டது. அவர் வெட்டியிருந்தால், விடியும்போது தெற்கில் ஏழு வீடுகள் மூழ்கியிருக்கும். 'ஆமி வந்து வீதியை வெட்டி எங்களை மூழ்கடித்தது' என்பது பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். எந்த வீட்டை நனைப்பது என்று முடிவெடுக்கும் வேலை துப்பாக்கி வைத்திருப்பவருக்கு உரியதில்லை. அது எங்களுடையது. கசப்பான வேலை என்பதால்தான் அவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

பிரதேச செயலாளரை எழுப்பினேன். தொழினுட்ப உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளைப் பாதியில் விட்டுவிட்டு நடந்தே வந்தார். அளவுத் தடியை இரண்டு பக்கமும் ஊன்றிப் பார்த்தார். முதலில் மதகு 3, மதகு 4 இரண்டையும் திறக்கச் சொன்னார். சிப்பாய்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி இழுத்தார்கள். பிளாஸ்ரிக் போத்தல், ஆகாயத்தாமரை, ஒரு மெத்தை, யாரோ போட்ட வாழைக்குற்றிகள். மெத்தை வெளியே வந்தபோது தண்ணீர் உறுமிக்கொண்டு ஓடியதை இன்னும் கேட்க முடிகிறது. ஏழு வீட்டு வாசலுக்கும் மணல் மூட்டை அடுக்கினார்கள். அதன் பிறகு, அதிகாலை நான்கு மணியளவில், பிரதேச செயலாளரின் கையெழுத்தோடு மூன்றடி அகலத்துக்கு மட்டும் வீதி வெட்டப்பட்டது. தெற்கில் இரண்டு வீட்டு முற்றம் நனைந்தது. உள்ளே ஏறவில்லை. அந்த இரண்டு வீட்டாரும் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அன்று மாலையே அம்பாறைச் செய்தி வந்திருந்தது. காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள். உடனே எங்கள் பிரிவில் ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே ட்ரக்டரும் இருசில்லு லான்ட்மாஸ்டரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். உயரமான ஆமி லொறி மட்டும். சொன்னது சுலபம். 27ஆம் திகதி மாலை அந்தத் தடை ஒரு படலையடியில் வந்து முட்டியது.

அந்த வீட்டு அம்மாவின் மகன் 2009 மேயில் யுத்தம் முடிந்த பிறகு வரவில்லை. சாமித்தட்டுக்குப் பக்கத்தில் படம் இருக்கிறது. தண்ணீர் திண்ணையைத் தொட்டுவிட்டது, அவர் எழும்பவில்லை. 'லான்ட்மாஸ்டர் வந்தால் வருகிறேன், அவர்களின் வண்டியில் ஏறமாட்டேன்' என்றார். கார்த்திகை 27, அதாவது நவம்பர் 27, இறந்த போராளிகளை நினைக்கும் மாவீரர் நாள் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் பெருமழையும் அந்த நாளும் ஒரே வாரத்தில்தான் வருகின்றன. படையோடு சேர்ந்து வேலை செய்கிற எந்த அதிகாரியும் நாட்காட்டியில் அதைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

லொறியை ஒழுங்கை முனையில் நிறுத்தச் சொன்னேன். பின்னால் நின்ற நான்கு சிப்பாய்களையும் இறங்கி நடக்கச் சொன்னேன். அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை, தொடையளவு தண்ணீரில் இறங்கினார்கள். நான் முதலில் ஏறி உட்கார்ந்தேன். "நான் இருக்கிறேன் அம்மா, வாருங்கள்" என்றேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உடுப்பு எதுவும் எடுக்காமல் ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் ஒரு சிட்டி விளக்கும் நல்லெண்ணெய்ப் போத்தலும் படமும் இருந்தன. ஏறும்போது பை நனையப் பார்த்தது; கீழே நின்ற சிப்பாய் அதை வாங்கித் தலைக்கு மேலே பிடித்து என்னிடம் தந்தான். உள்ளே என்ன என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளியேறிய குடும்பங்கள் தங்கியிருந்த நலன்புரி நிலையத்தில் சீருடை படலைக்கு வெளியே நின்றது. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பெண்கள் உடை மாற்றும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் வகுப்பறைகள் அவை. சாமான்களை வாசல்வரை கொண்டுவரலாம், உள்ளே பங்கிடுவது எங்கள் ஆட்கள். படம் எடுக்க வந்தவர்களையும் அதே படலையில்தான் நிறுத்தினேன். அரசியல்வாதிகள் சீருடைக்காரரைவிட அதிகம் சண்டை பிடித்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் ஆர்வம் வேறு பக்கம் திரும்பும். கிணறு இறைக்க ஆமி இரண்டு நீரிறைக்கும் இயந்திரங்களோடு வந்தது. நல்ல மனதோடு வந்தார்கள், ஆனால் வெள்ளம் வற்றாத நிலத்தில் கிணற்றை இறைத்தால் பக்கத்து மலகூடக் குழித் தண்ணீரைத்தான் உள்ளே இழுப்போம். சுண்ணாம்புக்கல் நிலம், சல்லடை மாதிரி. கடலோரமாக இருந்தால் உவரும் ஏறிவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஓடிவந்து நிறுத்தி, நிலத்தடி நீர் இறங்கும்வரை பொறுக்கச் சொன்னார். அதுவரை பவுசர் தண்ணீர், பிறகு அளவாக இறைத்துக் குளோரின். டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சலில் உயிர்கள் போனபோது, வெள்ளத்தில் இறங்கியவர்களின் பட்டியலைச் சுகாதாரப் பிரிவு கேட்டது. ஊராரின் பெயர்களுக்குக் கீழே, மெத்தையை இழுத்த இருபது பேரையும் சேர்க்கும்படி முகாமுக்குச் சொன்னேன். அதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

2025இல் எனக்கு மாற்றம் வந்தது. அலுவலகக் கொப்பியை முறைப்படி கையளித்தேன், சீ.ஆர். கொப்பியை முறையில்லாமல் கையளித்தேன். நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டது. மலையகத்து மண்சரிவுச் செய்திகளைப் பார்த்துக்கொண்டு என் புதிய பிரிவில் மணல் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது பழைய பிரிவிலிருந்து தொலைபேசி.

"அக்கா, ஆமி வந்து நிற்கிறது. உங்கள் கொப்பியில் 17ஆவது கிணற்றுக்கு நேரே 'கேட்டுப் பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் என்ன கேட்பது?"

"வளவுக்காரரிடம், கட்டுக் கட்டினாரா என்று. போன வருடம் தைக்குள் கட்டுவதாகச் சொன்னவர். கட்டியிருக்கமாட்டார் தம்பி. நீர் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு அவர்களை உள்ளே விடும்."